குமார் என்ற பெயரில் நான்

என் கணவருடைய உயிர்த் தோழன் குமார் என்று ஒருவனும் இல்லை. அது நான்தான்.

நீங்கள் காறித் துப்பலாம். முழுதும் கேட்டுவிட்டுத் துப்புங்கள்.

அவர் ரிக் வண்டியில் வேலை செய்பவர். மத்தியப் பிரதேசத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிறார். எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கத்தில் பாதி வீட்டு ஆண்கள் இப்படித்தான், மழைக்காலத்தில்தான் ஊர் திரும்புவார்கள். வந்தாலும் இவர் வாய் திறக்கமாட்டார். வீடியோ கேம் ஒன்றே போதும். பள்ளி நாளிலேயே டிவியில் கேசட் செருகி ஆடியவராம். கல்யாணமான புதிதில் பட்டன் போனில் பாம்பு, பிறகு கம்ப்யூட்டர் சென்டரில் கார் பந்தயம்...

அந்த ஆட்டங்களில் பேச்சே கிடையாது. பாம்பு சுவரில் முட்டினால் முடிந்தது. எனக்கும் பாவம் செய்ய வழி இருக்கவில்லை!

இப்போது போனில் ஆடும் துப்பாக்கி ஆட்டத்தில் நாலு பேர் ஒரு குழு. எங்கிருந்தும் பேசிக்கொண்டே ஆடலாம். யாரோடு பேசுகிறார் என்று வேவு பார்க்கத்தான் ராசிபுரத்துக் குமாராக நுழைந்தேன். மைக் பழுது என்று சொல்லி எழுத்திலேயே பதில் தந்தேன். அவர் பேசினார்... அம்மாடி, என்ன பேச்சு! கொட்டகையின் வெக்கை, தொண்டையில் இறங்காத சப்பாத்தி, பெண் பார்க்க வந்த அன்று நான் முறைத்த முறைப்பு. என்னிடம் ஒருநாளும் சொல்லாதவை.

போன மாதம் சொன்னார்: "கொழாய் நழுவி வெரலு நசுங்கிருச்சு பங்காளி. ஊட்டுல சொல்லல, பயந்துக்குவா. வேலைய உட்டுப்போட்டு வந்தரலாமான்னு பாக்கறேன்."

வந்தால்? மறுபடியும் அதே ஊமை மனிதர். என் விரல்கள் தாமாகவே எழுதிவிட்டன... இல்லை, பொய். யோசித்துத்தான் எழுதினேன்: "வெரலு ஆறிரும். சீசன் முடியட்டும் பங்காளி."

இப்படியும் ஒருத்தி இருப்பாளா?

அவர் அங்கேயே இருந்துவிட்டார். விரல் சீழ் பிடித்தது குமாருக்குத் தெரியும், மனைவிக்குத் தெரியாது. போனில் நான், "ஒடம்பு நல்லாருக்குதுங்களா?" என்பேன். "நல்லாருக்கறேன் சாமி" என்பார். அதற்கு மேல் நான் எதைக் கேட்பது? உனக்கு எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்டால்?

பயந்துபோய், டாக்டரிடம் போகச் சொல்லிக் குமாராக எழுதினேன். போனார். விரலை எடுத்துவிட்டார்கள்.

நேற்று ஆட்டத்தின் நடுவில் சொன்னார்: "அடுத்த வாரம் வாரேன் பங்காளி. இந்தக் கையோட அவ மூஞ்சியில எப்புடி முழிக்கறதுன்னு தெரியல. ராசிபுரத்துல எறங்கறேன், பஸ் ஸ்டாண்டுக்கு வந்துரு. நீ கூட வந்து பக்குவமாச் சொல்லிப்போடு."

வருகிறேன் என்று எழுதியிருக்கிறேன்.