வணக்கம் சொல்லாத பிள்ளை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவளுக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். என் பொறுமை முழுவதும் பிள்ளைகளுக்கே செலவாகிவிடுகிறது. பெற்றோருக்கு மிச்சம் இருப்பதில்லை.

குனோங் ராபாட்டில் என் வரிசை வீட்டின் முன்னறைதான் பயிற்சி அறை. வெவ்வேறு மொழிக்காரப் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்கார வைப்பேன். நடுவில் ஒரே ஒரு பொம்மை லாரி. கேட்டால்தான் கிடைக்கும், எந்த மொழியில் கேட்டாலும் சரி.

அப்படி வந்த ஒரு தமிழ்ப் பெண்பிள்ளைக்கு ஆறு வயது. கோப்பெங்கிலிருந்து அப்பா காரில் கொண்டுவந்து விடுவார். நான்கு வயது வரை ஓயாமல் பேசியவளாம்; பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வாயை மூடிக்கொண்டாள். ஏன் என்பது அவளுடைய கெண்டைக்காலைப் பார்த்தால் தெரிந்தது. நீள நீளமாகக் கன்றிப்போன தடிப்புகள்.

"அண்ணே, பிள்ளையை அடிக்கிறீங்களா?" என்று முதல் வாரமே கேட்டேன்.

"ரோத்தான் இல்லாம எந்தப் பிள்ளை டீச்சர் வளருது? நானும் ரப்பர் தோட்டத்துல ஊமை மாதிரிதான் கிடந்தேன். எங்கப்பா வெளுத்த வெளுப்புல பேச்சு வந்துருச்சுலா. அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். ரோத்தான் என்பது மளிகைக் கடையில் துடைப்பத்துக்குப் பக்கத்திலேயே தொங்கும் பிரம்பு. வாங்க யாரும் கூச்சப்படுவதில்லை. இன்னொரு தடிப்பைப் பார்த்தால் போலீசுக்குப் போவேன் என்றேன். அடுத்த வாரம் அவளுக்கு நீளக் கால்சட்டை போட்டு அனுப்பினார். நானும் விடாமல் ஒவ்வொரு முறையும் மடித்துவிட்டுப் பார்த்தேன். சில மாதங்கள் புதுத் தடிப்பு இல்லை.

அவளுக்கு ஜோடி ஒரு சீனப் பையன். கான்டனீஸில் நான்கைந்து சொற்கள் வரும், மற்றதற்கெல்லாம் பல்தான். முதல் நாளே அவள் தோளில் கடித்தான். அவள் கத்தவில்லை, அவன் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். இருவரும் தரையில் உருண்டார்கள். பிரித்துவிட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனாலும் உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அடி வாங்கியே பழகிய பிள்ளை திருப்பிக் கொடுக்கிறாளே!

ஒருநாள் லாரிக்குக் கைநீட்டி "தா" என்றாள். அவன் கொடுத்தான். கொஞ்ச நாளில் அவனும் "தா" என்றான். அப்பாவிடம் சொன்னேன், நம்பவில்லை. அவர் தலை தெரிந்தாலே அவள் வாய் பூட்டிக்கொள்ளும்.

ஒரு நாள் மாலை அழைத்துப் போக வந்தவர் வாசலில் நின்றபடியே, "டீச்சருக்கு வணக்கம் சொல்லு" என்றார்.

நம் சனங்களுக்குப் பிள்ளை பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை, பெரியவர்களுக்கு வணக்கம் சொல்லியாக வேண்டும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லுன்றேன்ல!"

என்னை ஒருமுறை பார்த்தார். மானம் போய்விட்டதாக நினைத்தாரோ என்னவோ, விறுவிறுவென்று காருக்குப் போய் ரோத்தானோடு திரும்பி வந்தார்.

நான் குறுக்கே விழுவதற்குள் அவள் காலில் இரண்டு அடி விழுந்துவிட்டது. அடுத்தது என் மணிக்கட்டில். அதற்குள் உள்ளே லாரியோடு இருந்த சீனப் பையன் பாய்ந்து அவர் கையைக் கவ்விக்கொண்டான். உதறினார், அவன் விடவில்லை. ரத்தம் தரையில் சொட்டியது. மற்றக் கையை ஓங்கினார்.

"விடு!"

அவள்தான். பையனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "கடிக்காத! எங்கப்பா! எங்கப்பாடா!"

பையன் வாயைத் திறந்தான். அவருக்கோ முகமெல்லாம் மலர்ச்சி.

"பாத்தீங்களா டீச்சர்? பேசிட்டா! நான் அப்பவே சொல்லல, அடிச்சாத்தான் வரும்னு?"

அந்த ஆளைக் கொன்றுபோடலாம் என்றிருந்தது. ரோத்தானைப் பிடுங்கி அலமாரிக்கு மேல் எறிந்தேன். அவர் கண்ணெதிரிலேயே போலீசைக் கூப்பிட்டு என் வீட்டு முகவரியைச் சொன்னேன். சிரிப்பு அடங்கி, சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் நொண்டிக்கொண்டே போய் அவர் கையை எடுத்து ஊதினாள்.

"வலிக்குதாப்பா?"

அவர் கடிபட்ட இடத்தையே பார்த்தார்.

"ரொம்ப வலிக்குதாப்பா?"

அவர் வாய் திறந்து மூடியது. என் பக்கம் திரும்பினார். என்ன சொல்வதென்று என்னைக் கேட்பது போலிருந்தது. நான் சொல்லித்தரவில்லை.