பெரியார் நிலையத்தில் நான் இடம் போட்ட கதை

போன சனிக்கிழமை மதுரைக்குள் பதினேழு கிலோமீட்டர் போய் வந்தேன். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்பவர்கள் கடைசி வரை படியுங்கள். சமயநல்லூரில் பள்ளி மாணவர்களுக்குப் பொருளாதாரம் நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் படம் வரைகிறேன். வண்டியூர் தெப்பக்குளம் அருகே உள்ளூர் ஓவியர்கள் நடத்தும் கண்காட்சிக்கு மூன்று முறை படம் அனுப்பினேன், மூன்றும் திரும்பி வந்தன. இந்த முறை தேர்வாகிவிட்டது. ஆனால் பதினொரு மணிக்குள் அசல் படத்தை நேரில் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சுவரில் என் இடம் அடுத்தவருக்கு.

காலை 9.10க்குப் பஸ். பெரியார் பேருந்து நிலையம் பன்னிரண்டு கிலோமீட்டர், டிக்கெட் பதினைந்து ரூபாய். 9.55க்கு இறங்கினேன். தெப்பக்குளம் வண்டியின் வாசலில் திருவிழாக் கூட்டம். படம் இருந்த பையை ஜன்னல் வழியாகச் சீட்டில் போட்டேன். இடம்தான் போட்டாயிற்றே என்று தெம்பாக டீ குடிக்கப் போனேன். பாதி கிளாஸ் காலியாவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

கிளாஸை வைத்துவிட்டு ஓடினேன். நூற்றிருபது ரூபாய் பேசி ஒரு ஆட்டோவில் ஏறி, டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னேன். மனிதர் சிரிக்கக்கூட இல்லை.

"பயப்படாதீங்கண்ணே. போட்ட எடத்துல ஒருத்தரும் உக்கார மாட்டாக."

நான் நம்பவில்லை. சொத்துரிமை நிலைக்கச் சட்டம் வேண்டும், போலீஸ் வேண்டும் என்று பதினைந்து வருடமாகப் பாடம் நடத்துகிறவன் எப்படி நம்புவான்?

காமராஜர் சாலையில் ஒரு நிறுத்தத்தில் பஸ்ஸைப் பிடித்தோம். மணி 10.25. உள்ளே கால் வைக்க இடமில்லை. ஆனால் மூன்றாவது ஜன்னல் சீட்டில் என் பை மட்டும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது! பக்கத்தில் கம்பெனிச் சீருடையில் ஒரு அம்மாள் கம்பியைப் பிடித்தபடி நின்றார். கப்பலூரில் நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறாராம். உட்கார்ந்திருக்கலாமே என்று கேட்டேன்.

"எடம் போட்டிருக்குல்ல. ஆளு வருவாகன்னு நின்னேன்."

கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை. வற்புறுத்தி அவரை உட்கார வைத்தேன். உட்கார்ந்ததும், நிற்கிறவர் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளும் நம்மூர் வழக்கப்படி என் பையை வாங்கிக்கொண்டார். என்ன படம் என்று கேட்டவரிடம் எடுத்துக் காட்டினேன். சாயங்காலம் தெப்பக்குளத்துச் சுவரில் உட்கார்ந்து கடலை கொறிக்கிற ஜனங்கள். வெகுநேரம் பார்த்தார்.

"தெனமும் இதத் தாண்டித்தான் போறேன். இம்புட்டு அழகாவா இருக்கு?"

எந்த விமர்சகர் இனி எனக்கு என்ன சொல்லிவிட முடியும்? தூங்கி எழுந்து மகளோடு பார்க்க வருவதாகச் சொல்லி இறங்கினார். 10.45க்குப் படத்தைக் கொடுத்தேன். என் கண் முன்னாலேயே சுவரில் மாட்டினார்கள். ஜெயித்துவிட்டேன்.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் வெயில் தாழ்ந்து ஐந்து மணிக்கு மேல் வாருங்கள். பஸ்ஸில் இடம் போட ஒரு கைக்குட்டை போதும், போட்டதும் ஏறி உட்காருங்கள். டீ தெப்பக்குளத்திலும் கிடைக்கும். நானும் திங்கட்கிழமை வகுப்பில் சொத்துரிமைப் பாடத்தை இந்த பஸ்ஸிலிருந்துதான் தொடங்கப் போகிறேன்.

அன்று மாலை கண்காட்சியில் நல்ல கூட்டம். என் படத்துக்கு நேர் எதிரே இருந்த நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டு வைத்தேன். பெரிய மனிதர்கள் பலர் வந்தார்கள், பார்த்தார்கள், நின்றுகொண்டார்கள். ஐந்தரைக்கு அந்த அம்மாள் மகளோடு வந்தார். நான் கைக்குட்டையை எடுத்தேன்.

"உக்காருங்கக்கா. உங்களுக்குத்தான் எடம் போட்டிருக்கேன்."