கர்ப்பத்தின் கனிக்காக ஜெபிக்கக் கேட்ட நாள்

2023 ஜூன் 16, வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து தண்ணீர் மோட்டாரைப் போட்டேன். பால் காய்ச்சி, இட்லி ஊற்றிவைத்தேன். சேலையூரில் நான் கணக்கு சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கு விடுப்பு சொன்னேன். தினமும் டைரி எழுதுகிறவள் நான். அன்று கை வரவில்லை.

முந்தைய நாள்தான் மகள் பெனிட்டாவுக்குப் புற்றுநோய் என்று உறுதியானது. இருபத்துநான்கு வயது. திங்கட்கிழமை மருந்து ஏற்ற வேண்டும். அந்த மருந்தால் கருமுட்டைகள் அழிந்து, பிள்ளை பெறும் வாய்ப்பு போய்விடலாம் என்றார் டாக்டர்.

"அதுக்கு முன்னாடி ஏதாவது பண்ண முடியாதா டாக்டர்?" என்று பெனிட்டா கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்து, "கல்யாணமே ஆகலையேம்மா. முதல்ல உயிர் பிழைக்கட்டும்" என்றார். எழுந்து வந்துவிட்டோம். வீட்டில் அவள், "உயிரோட இருந்தா மட்டும் போதுமாம்மா?" என்றாள்.

மதியம் பெண்கள் உபவாச ஜெபத்துக்குப் போனேன். புற்றுநோய் என்று சொன்னால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்? கருமுட்டை என்று சபையில் எப்படிச் சொல்வது? பிள்ளைப்பேற்றுக்குச் சபையில் சொல்லும் வார்த்தையைச் சொன்னேன். "என் மகளோட கர்ப்பத்தின் கனிக்காக ஜெபிச்சுக்கோங்க."

ஜெபத்தை நடத்தும் அக்கா மெதுவாக, "எத்தனை மாசம் சிஸ்டர்?" என்றார். பின்னால் ஒருத்தி, "பொண்ணுக்கு ஐடி கம்பெனி, நைட் ஷிப்ட்" என்று பக்கத்தில் இருப்பவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. இத்தனை வருடம் என்னோடு முழங்காலில் நின்றவர்கள். அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை. ஆண்டவருக்குத் தெரிந்ததை, இதை வாசிக்கிற உங்களிடம் ஏன் மறைக்க வேண்டும்?

வாசலில் செருப்பைத் தேடும்போது ரூத் வந்தாள். பீர்க்கன்கரணைக்காரி, குழந்தை இல்லாதவள். அவளை முன்னால் நிறுத்தித்தான் கர்ப்பத்தின் கனிக்காக ஜெபிப்போம். நானும் அவள் தலையில் கை வைத்திருக்கிறேன். அவள் அனுமதியோடு இதை எழுதுகிறேன்.

"ஞாயித்துக்கிழமை பெனிட்டா கழுத்துல பிளாஸ்திரி பார்த்தேன்க்கா. கேன்சரா? எனக்கும் அங்கதான் சதை எடுத்தாங்க, காலேஜ் படிக்கும்போது."

ஆமாம், திங்கட்கிழமை மருந்து என்றேன். அவள் நோய் குணமானதும், கணவரிடம் மட்டும் சொல்லி மணமுடித்திருக்கிறாள்.

"மருந்துக்கு முன்னாடி முட்டையை எடுத்து உறைய வெச்சிருக்கலாம்னு அப்புறம்தான் ஒரு டாக்டர் சொன்னாங்க. வருஷா வருஷம் முன்னாடி நிறுத்தி ஜெபிக்கிறீங்க, முட்டையே இல்லாத வயித்துக்கு. நீங்க திங்கட்கிழமைக்குள்ள கேளுங்க. அதுக்குக் கல்யாணம் ஆகியிருக்கணும்னு இல்ல."

என் ஜெபத்துக்கு வந்த பதில் அவள்தான். அந்தப் பதிலுக்காக அவள் இழந்ததை நினைத்தால் ஸ்தோத்திரம் சொல்ல நாக்கு தயங்குகிறது. ஆனாலும் சொல்கிறேன்.

அதே டாக்டர், அழுத்திக் கேட்டதும், மருந்தை இரண்டு வாரம் தள்ளலாம் என்றார். "முன்னாடியே கேட்டிருக்கலாமே."

"கேட்டேன் டாக்டர்" என்றாள் பெனிட்டா.

கருத்தரிப்பு மையத்தில் ஒவ்வொரு மேசையிலும் கணவர் பெயர் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் அவளே "இல்லை" என்றாள். முட்டைகள் பத்திரமாக இருக்கின்றன. நோயும் அடங்கியிருக்கிறது. ரூத்தை இப்போது முன்னால் நிற்க விடுவதில்லை. என் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறேன்.

அன்பானவர்களே, ஆண்டவரை நம்பிக் கேளுங்கள். ஆனால் ஜெபக்குறிப்பை மூடிச் சொல்லாதீர்கள். ஆண்டவருக்குப் புரிந்துவிடும். பக்கத்தில் முழங்காலில் இருப்பவருக்குப் புரியாது.

அந்த ஜெபத்துக்கு மறுநாள், சனிக்கிழமை, எழுந்ததும் மோட்டாரைப் போடவில்லை. முதலில் ஜெபம் நடத்தும் அக்காவுக்கு போன் செய்தேன். "பெனிட்டாவுக்குப் புற்றுநோய். அவளோட கருமுட்டையை எடுத்து வைக்கணும். இதே வார்த்தையைச் சொல்லி ஜெபிங்க" என்றேன். அதற்குப் பிறகுதான் டாக்டரைப் பார்க்கக் கிளம்பினோம்.