எட்டாம் நம்பர் இல்லாத லாட்ஜ்

லாட்ஜ் ரூமுக்குள் நீங்கள் இருக்கிறீர்களா இல்லையா என்று உங்களைக் கேட்காமலே முடிவு செய்கிற வெள்ளைப் பெட்டி ஒன்று சுவரில் இருக்குமே, அதை மாட்டி ஓட்டிக் காட்டி ஓனரிடம் ஒப்படைப்பதுதான் என் பிழைப்பு. ஆள் வந்தால் விளக்கும் ஏசியும் போடணும், ரூம் சூட்டைப் பார்த்து ஏசியைக் கூட்டிக் குறைக்கணும், போனால் அணைக்கணும், அவ்வளவுதான் அதற்கு வேலை. கட்டிலில் படுத்தபடி கையைக் காலை ஆட்டி விளக்கை வரவழைத்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், அன்றைக்கு நீங்கள் திட்டியது என்னைத்தான். திட்டு வந்து சேர்ந்துவிட்டது.

ஒன்பது வருஷமாக ஊர் ஊராக அலைகிறேன். போன மாதம் அதிசயமாக ஸ்ரீரங்கத்திலேயே ஒரு சைட் விழுந்தது. பன்னிரண்டு ஏசி ரூம் கொண்ட புது லாட்ஜ், என் வேலை முடியும் முன்னே ஆள் தங்க விட்டுவிட்டார்கள். எங்கள் மேனேஜர் கூப்பிட்டு, "வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஓனர் கையெழுத்தோட ஒப்படைப்புப் பேப்பரைக் கொண்டாங்க முருகேசன், திருச்சி ஆபீஸ் சீட் உங்களுக்குத்தான்" என்றார். எனக்கு அந்த சீட் வேணும். திருச்சி எடமலைப்பட்டி புதூரில் வீடு இருந்தும் நான் அதில் விருந்தாளி. மூணாவது படிக்கிற என் மகள் என்னைப் பார்த்ததும் "எப்பப்பா கிளம்புவே?" என்றுதான் முதலில் கேட்கிறாள். அந்த வாரம் முழுக்க எனக்கு உட்கார்ந்தால் நிற்கத் தோன்றும், நின்றால் ஓடத் தோன்றும்.

பெருமாள் கிழக்கு பார்த்தார்

திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் பன்னிரண்டு ரூமும் ஐஸ் பெட்டி. ஏசி நிற்கவே மாட்டேன் என்கிறது. காரணம் தேடி அரை நாள் போச்சு. கடைசியில் பார்த்தால், தச்சர் ஒவ்வொரு ரூமிலும் பெருமாள் படத்துக்கு ஒரு பலகை அடித்து, அதில் நாள் முழுக்க எரிகிற குண்டு பல்பு ஒன்றை வைத்திருக்கிறார். சரியாக என் பெட்டிக்குக் கீழே! பல்புச் சூட்டைக் குடித்துவிட்டு பெட்டி, ஐயோ வெயில் கொளுத்துகிறதே என்று ஏசியை விரட்டிக்கொண்டிருக்கிறது.

பலகையை ஒரு அடி தள்ளி அடிக்கச் சொல்லுங்கள் என்று ஓனரிடம் கேட்டேன். ஓனர் பெரியண்ணன் முசிறியில் வாழைத்தார் மண்டி வைத்திருப்பவர், லாட்ஜ் தொழிலுக்குப் புதுசு. வந்தார், படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார், என் பக்கம் திரும்பினார். "கிழக்கு பாத்து உக்காந்த பெருமாளை எந்திரிங்கன்னு சொல்ல முடியுமா தம்பி? உங்க டப்பாவுக்கு ஏது திசை, அதை நகத்துங்க."

நகர்த்தினேன். பன்னிரண்டு சுவர், இரண்டு நாள்.

பத்திரிகை வைத்த மனிதர்

வாசல் பக்கத்துச் செருகலில் சாவி அட்டையைச் செருகினால்தான் ரூமில் கரண்ட் வரும். அட்டை இருந்தால் ஆள் இருக்கிறார் என்பது அப்போது பெட்டியின் கணக்கு. புதன்கிழமை நாலாம் நம்பரில் பூட்டிய ரூமுக்குள் ஏசி ஜம்மென்று ஓடுகிறது. திறந்து பார்த்தால், கல்யாணப் பத்திரிகையை அளவாகக் கத்தரித்துச் செருகிவிட்டுக் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள்! எவ்வளவு நேர்த்தியான கத்தரிப்பு என்கிறீர்கள்! திரும்பி வந்த மனிதரிடம் இப்படிச் செய்யலாமா என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "தர்ம தரிசனத்துல மூணு மணி நேரம் வெந்துட்டு வர்றோம், ரூமாவது எங்களுக்காகக் காத்திருக்கட்டுமே."

அசையாதவர்

பெங்களூரிலிருந்து சேவிக்க வந்த ஒரு பெரியவர் இரண்டாம் நம்பரில் இருந்தார். வியாழன் காலையில் ரிசப்ஷனுக்கு மூன்று தடவை போன். விளக்கு போகிறது, ஏசி போகிறது, கதவைத் திறந்தால் வருகிறது. எனக்கு உடனே புரிந்தது. பத்திரிகைக்காரருக்குப் பயந்து, பத்து நிமிஷம் அசைவே இல்லையென்றால் ஆள் இல்லை என்று வைத்துக்கொள்ளும்படி முந்தின ராத்திரி நான்தான் பெட்டியில் போட்டிருந்தேன். பெரியவர் கண்ணை மூடி ஜபத்தில் உட்கார்ந்தால் கொசு கடித்தாலும் அசைய மாட்டார் போலிருக்கிறது.

கதவு திறக்காதவரை ஆள் உள்ளேதான் என்று மாற்றிவிட்டு, மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை, அதுதான் இன்னும் உறுத்தியது. "ஒரு நாழி அசையாம பகவானை நெனச்சிண்டிருந்தா, உங்க யந்திரம் நான் பரமபதிச்சுட்டேன்னே தீர்மானம் பண்ணிடறதே!"

எட்டு ஆகாது

அன்று மதியம் கதவுகளில் இருந்த சாக்பீஸ் நம்பரை அழித்துவிட்டுப் பித்தளை நம்பர் அடித்தார்கள். பெரியண்ணனுக்கு எட்டு ஆகாது. ஏழுக்கு அப்புறம் நேராக ஒன்பது, கடைசி ரூம் பதிமூணு. பதிமூணு பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை. நம்பர் அடித்தவருக்கு ஸ்க்ரூடிரைவர் கொடுத்ததே நான்தான். கொடுத்தேனே தவிர, ஒரு நிமிஷம் யோசித்தேனா? மனசெல்லாம் அடுத்த நாள் கையெழுத்தில் கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி. ரிசப்ஷனில் பெரியண்ணன் பேப்பரைத் தள்ளி வைத்துப் பேனாவைத் திறந்துவிட்டார். பக்கத்தில் ரிசப்ஷன் ஜெசிந்தா, ஒன்பதாம் நம்பர் காலி செய்தவர்களை அனுப்பிவிட்டு, என் பெட்டிகளோடு இணைத்திருந்த கம்ப்யூட்டரில் ஒன்பதை அணைத்தாள். பத்தாம் நம்பரிலிருந்து ஒரு கத்தல்! ஓடினோம். மருங்காபுரிக்காரர் ஒருவர் தலை நிறைய ஷாம்பு நுரையோடு துண்டைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். கண் எரிச்சலில் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்து அவர் கேட்டார்: "பக்கத்து ரூம்காரரு காலி பண்ணா என் ரூம் ஏங்க இருட்டாவுது?"

கையெழுத்து

கதவைப் பார்த்தேன், பெட்டியைப் பார்த்தேன். கதவில் நம்பர் மாறிவிட்டது, கம்ப்யூட்டர் அடையாளம் கண்டுகொள்ள ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நான் போட்ட நம்பர் மாறவில்லை. எட்டைத் தாண்டிய ஐந்து ரூமும் ஒன்று தள்ளிப் போயிருக்கின்றன. ஜெசிந்தா மெதுவாக, "கம்ப்யூட்டர்ல பேரை மட்டும் மாத்திரலாமே சார், அஞ்சு நிமிஷம்" என்றாள். மாற்றலாம். கையெழுத்தும் கிடைக்கும். ஆனால் நாளைக்கு வேறொருவன் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு நம்பர், கதவில் ஒரு நம்பர், யார் ரூமையோ அணைத்துவைப்பான். நுரையோடு நின்ற அந்த மனிதர் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை.

"என் தப்புதாங்க. நம்பர் அடிக்கறப்ப பக்கத்துலதான் நின்னேன். கையெழுத்துப் போடாதீங்க" என்று சொல்லிவிட்டேன்.

பெரியண்ணன் பேனாவை மூடினார். ஐந்து ரூம் கதவையும் அவரே தட்டி, உள்ளே இருந்தவர்களிடம் அவரே தன்மையாகப் பேசினார். நான் கடைசி ரூமில் தொடங்கி, பெட்டி நம்பரை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு பின்னோக்கி வந்தேன். இல்லாவிட்டால் ஒரே நம்பரில் இரண்டு பெட்டி நின்று சண்டை போடும். ஒவ்வொரு ரூமாக அணைத்து, போட்டு, அவரையே பார்க்கச் சொன்னேன். முடிக்கும்போது மணி நாலரை. அவர் கையெழுத்துப் போட்டு, கீழே என்னமோ நாலு வரி எழுதி, மடித்துக் கொடுத்தார். பிரித்துக்கூடப் பார்க்காமல் பஸ்ஸைப் பிடித்தேன். வழியிலேயே மனைவிக்கு போன் போட்டு, "சீட் நமக்குத்தான்" என்று சொல்லியாச்சு. மகள் பின்னால் கத்தியது எனக்குக் கேட்டது.

மேனேஜர் அந்த நாலு வரியைச் சத்தமாகப் படித்தார். "தப்பை மறைக்காமச் சொன்ன தம்பி. பழனியில நான் கட்டுற அறுபது ரூமுக்கும் இவரையே அனுப்பணும். வேற ஆள் வந்தா உள்ள விடமாட்டேன்." அப்புறம் பேப்பரைப் பத்திரமாக ஃபைலில் வைத்துவிட்டு, என் தோளைத் தட்டினார். "சீட்ல உக்கார யார் வேணாலும் கிடைப்பாங்க முருகேசன், பெரியண்ணன் கேக்கறது உங்களையில்ல?"

வேலை கெட்டுப்போனால் அதே ஊருக்குத் திருப்பி அனுப்புவார்கள், நன்றாக முடிந்தால் அடுத்த ஊருக்கு அனுப்புவார்கள், வீட்டுக்கு அனுப்புவதற்கு மட்டும் எங்கள் தொழிலில் இன்னும் ஒரு காரணம் கண்டுபிடிக்கவில்லை.