இரண்டாவது தடவை

அப்பாஸாபாத் பகுதியில் நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களில் ஷம்சியிடம் ஊசி போட்டுக்கொள்ளாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தெருமுனை மருத்துவமனையில் ஊசி போடும் அறையில்தான் முப்பத்தொரு வருடம் அவளுடைய பிழைப்பு ஓடியது. "மூணு எண்ணுவேன், அசையாம இரு" என்பாள். ஒன்று என்பாள். இரண்டு என்று சொல்லி வாய் மூடுவதற்குள் ஊசி உள்ளே போயிருக்கும். மூன்றை அவள் வாயால் கேட்டவர்கள் இஸ்ஃபஹானில் ஒருவரும் கிடையாது. மீசையில் நரை எட்டிப் பார்க்கும் ஆட்கள்கூட இன்றைக்கும் அவளைத் தெருவில் கண்டால் ஒரு கையால் இடுப்பைத் தடவிக்கொண்டுதான் சலாம் சொல்வார்கள்.

ஊசியில்தான் அவ்வளவு வேகம். மற்ற விஷயங்களில் அவளும் அந்த ஊர்க்காரிதான். அந்த ஊரில் யாராவது ஒன்றைக் கொடுத்தால் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவையும் சிரமம் எதற்கு என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை கேட்கும்போது, சரி, உங்கள் மனசு கோணக் கூடாது என்று வாங்கிக்கொள்ளலாம். ஒரு கோப்பை டீயிலிருந்து பெண் கொடுப்பது வரைக்கும் கணக்கு இதுதான். வெளியூர்க்காரர்கள் இதைக் கேலி செய்வார்கள், செய்துவிட்டுப் போகட்டும். மூன்று தடவை கேட்கிற அளவுக்குக்கூடப் பொறுமை இல்லாதவர் கொடுக்கும் டீ வாயில் வைக்க விளங்குமா என்ன?

அந்தக் கணக்கில்தான் நாலு வருடத்துக்கு முன்னால் ஷம்சிக்கும் மஹினுக்கும் பிசகிப்போயிற்று.

மஹின் தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இன்னொரு தோழி அக்தஸ், பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவள். மூன்று பேரும் ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஷம்சியின் கணவர் ஹெஷ்மத், ஆஸ்பத்திரியில் கிடந்த நாளில் மஹின் போன் செய்தாள். நான் வரட்டுமா என்று கேட்டாள். ஷம்சி சொல்ல வேண்டியதைச் சொன்னாள்: வேண்டாம்டீ, உனக்கு எதுக்குச் சிரமம். சரி, உடம்பைப் பார்த்துக்கோ என்று மஹின் போனை வைத்துவிட்டாள். ஷம்சி கையில் போனைப் பிடித்தபடி நின்றாள். மறுபடி அடிக்கும் என்று நினைத்தாள். அடிக்கவில்லை. அன்று சாயங்காலம் நாலு மணிக்கு ஹெஷ்மத் போய்விட்டார்.

துக்கத்துக்கு மஹின் வந்தாள், அழுதாள், வந்தவர்களுக்கெல்லாம் டீ கொடுத்தாள். ஷம்சி அவளுக்கு முகம் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து பேச்சு இல்லை. ஏன் என்று ஷம்சி சொல்லவும் இல்லை. கோபித்துக்கொண்ட ஆள் காரணம் சொன்னால் அப்புறம் அது என்ன கோபம்? எதிராளிக்குத் தானாகவே தெரிய வேண்டும்.

அக்தஸ் மட்டும் இருவரில் ஒருவரை விட்டுக்கொடுக்க மறுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை நடை நடந்தே தீரும், வருகிறவர்கள் வரலாம் என்று சொல்லிவிட்டாள். இருவரும் வந்தார்கள். வலப்பக்கம் ஷம்சி, இடப்பக்கம் மஹின், நடுவில் அக்தஸ். அவள் நல்ல அகலமான பெண்பிள்ளை என்பதால் நடுவில் மறைப்புக்கும் பஞ்சமில்லை. நாலு வருடம் இப்படியே ஓடிற்று.

இந்த வெள்ளிக்கிழமைதான் கடைசி. மஹின் வீட்டைக் காலி செய்துவிட்டு ராஷ்த்தில் இருக்கும் மகளோடு போய் இருக்கப் போகிறாள். மறுநாள் காலை எட்டு மணிக்கு பஸ். இனி இந்தப் பக்கம் வருவது நல்லதுக்கோ கெட்டதுக்கோ எப்போதாவது ஒரு முறைதான். ஷம்சி வாரம் முழுக்க ஒரே ஒரு சொல்லைப் பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். போய்ட்டு வா. அவ்வளவுதான். அதைக்கூடச் சொல்லாமல் அனுப்பிவிட்டால் தன்னைத் தானே மன்னிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். வாய் வருமா என்பதுதான் தெரியவில்லை.

வழக்கம்போல முப்பத்துமூன்று வளைவுப் பாலத்தின் வடக்கு முனையில் சந்தித்தார்கள். ஷம்சியின் பையில் டீ ஃப்ளாஸ்க், அக்தஸின் பையில் சர்க்கரைக் கட்டி, மஹினின் பையில் மூன்று கண்ணாடிக் கோப்பைகள். பேச்சு நின்ற பிறகும் இந்த ஏற்பாடு மட்டும் மாறவே இல்லை. ஆற்றில் தண்ணீர் இல்லை. பாலத்துக்குக் கீழே வெடித்துக் கிடந்த மண்ணில் இரண்டு பேர் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

இன்றைக்கு எங்கே என்று அக்தஸ் கேட்டாள். கடைசி நாள், மைதானத்துக்குப் போய் அலி காப்பு அரண்மனை வரைக்கும் நடக்கலாம் என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். இஸ்ஃபஹான்காரர்கள் அந்த அரண்மனைக்குச் சும்மா போவது கிடையாது. வெளியூரிலிருந்து விருந்தாளி வந்தால் கூட்டிப்போவார்கள், அவ்வளவுதான். நாமே நமக்கு விருந்தாளியாக இருப்போம் என்றாள் அக்தஸ்.

சஹார்பாக் சாலையில் மரநிழலில் மெதுவாக நடந்தார்கள். அக்தஸுக்கும் முட்டிவலி, மஹினுக்கும் முட்டிவலி, அதனால் வேகத்தைப் பற்றி யாருக்கும் புகார் இல்லை. புத்தகக் கடை வாசலில் நின்றார்கள், செருப்புக் கடைக் கண்ணாடியில் தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டார்கள்.

"அக்தஸ், அந்த அம்மாகிட்ட சொல்லு," என்றாள் ஷம்சி. "ராஷ்த்ல வருஷம் பூரா மழை. முட்டிக்கு ஆகாது."

மஹின் இரண்டு அடி தள்ளித்தான் இருந்தாள், காதில் விழாமல் இல்லை. ஆனாலும் அக்தஸ் திரும்பிச் சொல்லும்வரை காத்திருந்தாள்.

"அவங்ககிட்ட சொல்லு. தண்ணியே இல்லாத ஆத்துப் பக்கம் இத்தனை வருஷம் உக்காந்து என் முட்டி என்ன குதிரை மாதிரியா ஓடுது?"

அக்தஸ் இதையும் ஒப்பித்தாள். ஒப்பித்து முடித்தபின் நடுத்தெருவில் நின்றாள்.

"நாலு வருஷமா தபால்காரி வேலை பாக்குறேன். தபால் ஆபீஸ்ல இருந்தது இவ, ஆனா தபால் சுமக்குறது நான். இன்னையோட ராஜினாமா. நாளைக்கு எவ கடுதாசி எவகிட்ட போனாலும் என்னைக் கேக்காதீங்க."

அதற்கப்புறம் மைதானம் வரைக்கும் யாரும் யாரிடமும் எதையும் சொல்லச் சொல்லவில்லை. ஷம்சிக்கு அந்த மௌனம் பயமாக இருந்தது. ஏட்டிக்குப் போட்டியாக மழையையும் முட்டியையும் பேசிக்கொண்டிருந்தவரை ஏதோ ஒரு கயிறு இருந்தது, இப்போது அதுவும் போய்விட்டது என்று தோன்றிற்று.

மைதானத்தில் குதிரை வண்டிகள் மணி அடித்துக்கொண்டு சுற்றின. புல்தரையில் துணி விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். மூவரும் யானைக்காது வாங்கினார்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பொரித்துப் பாகில் முக்கியெடுத்த பெரிய பலகாரம்தான். தித்திப்பான அதற்குத் தொட்டுக்கொள்ள உப்பு மோர் குடிப்பது இஸ்ஃபஹான்காரர்கள் மட்டும்தான். மஹின் ஒரு காதைப் பிய்த்து மூன்று பங்காக்கினாள். பெரிய பங்கைக் காகிதத்தில் வைத்து ஷம்சியின் பக்கம் நகர்த்தினாள், முகத்தைப் பார்க்காமல். ஷம்சி அதைத் தொடவில்லை. மறுபடி நகர்த்தினால் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தாள். மஹின் கை பாதி வழி வந்து, திரும்பிப் போய் மோரை எடுத்துக்கொண்டது.

அலி காப்புவின் கீழ்த்தளத்து மண்டபத்தில் ஒரு சங்கதி உண்டு. வளைந்த கூரைக்குக் கீழே ஒரு மூலையில் ஒருவர் சுவரைப் பார்த்து நின்று முணுமுணுத்தால், குறுக்கே எதிர்மூலையில் சுவரைப் பார்த்து நிற்பவர் காதில் பக்கத்தில் நின்று சொன்னதுபோல விழும். நடுவில் நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மூவரும் இங்கே வந்து கணக்கு வாத்தியாரைப் பற்றி ரகசியம் பேசிய அளவுக்கு அவர் குடும்பத்தார்கூடப் பேசியிருக்க மாட்டார்கள்.

புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி முயன்றுகொண்டிருந்தது. மாப்பிள்ளை கத்திய கத்தலில் சுவர் தேவையே படவில்லை. அவர்கள் சிரித்துக்கொண்டு ஒதுங்கியதும் அக்தஸ், ஷம்சி, உன் காது இன்னும் நல்லா இருக்கான்னு பார்ப்போம், நீ அந்த மூலைக்குப் போ, நான் இங்கே நிற்கிறேன் என்றாள். ஷம்சி போனாள். பையைக் காலடியில் வைத்துவிட்டு, செங்கல் இடுக்கில் மூக்கு படுகிற மாதிரி நின்றாள். சுவர் குளிர்ந்திருந்தது.

"அக்தஸ், கேக்குதா?"

காதுக்குப் பக்கத்தில் மஹினின் குரல் வந்தது.

"கேக்குது."

அக்தஸ் செய்த வேலை. அவள் இந்நேரம் படியில் உட்கார்ந்து சர்க்கரைக் கட்டியை மென்றுகொண்டிருப்பாள். ஷம்சி அப்படியே பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்திருக்கலாம். நாலு வருடம் பிடித்த பிடியும் அதைத்தான் சொல்லிற்று. ஆனால் எதிரே இருந்தது சுவர். சுவரோடு பேசக் கூடாது என்று எந்தக் கோபத்திலும் சட்டம் இல்லை.

"செவுரே," என்றாள் ஷம்சி. "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அன்னைக்கு அந்த அம்மா ஏன் ஒரே ஒரு தடவை கேட்டாங்க?"

பின்னால் யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு போனார்கள்.

"ரெண்டாவது தடவை கேட்டா நீ வான்னு சொல்லிடுவியோன்னு பயந்துதான்," என்றது சுவர். "அதே ஆஸ்பத்திரி, அதே மாடி, அதே வார்டு. எங்க வீட்டுக்காரர் போன எடம். அதுக்குள்ள காலெடுத்து வைக்க என்னால முடியலை. நீ வேண்டாம்னதும் நான் பொழைச்சேன்னு போனை வச்சுட்டேன். நீ ஏன் பேசலைன்னு எனக்கு மொத நாளே தெரியும்."

ஷம்சி இதை எதிர்பார்க்கவில்லை. அலட்சியம் என்றுதான் நாலு வருடமும் நினைத்திருந்தாள். அலட்சியத்தை வெறுப்பது சுலபம். மஹினின் கணவர் அந்த மாடியில்தான் போனார் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். கூடவே இருந்து அவர் கண்ணை மூடிவிட்டதே ஷம்சிதான். தெரிந்தும் ஒரு நாள்கூட அதை இதோடு சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை. தன்மேல்தான் அப்போது அவளுக்குக் கோபம் வந்தது.

"நாலு மணி," என்றாள் சுவரிடம். "நாடியைப் புடிச்சுக்கிட்டே இருந்தேன். நின்னுடுச்சுன்னு கைக்குத் தெரிஞ்சுது. நின்னுடுச்சுன்னு சொல்லப் பக்கத்துல ஒரு ஆள் இல்லை, மஹின்."

பெயரைச் சொல்லிவிட்டாள். நாலு வருடத்தில் முதல் தடவை.

எதிர்மூலையில் மூச்சு இழுபடும் சத்தம் கேட்டது. அந்த மண்டபத்தில் அதுகூடத் தப்பாது. புது ஜோடி மறுபடி வந்து தங்கள் முறைக்காகக் காத்து நின்றார்கள். மூலைக்கு ஒருத்தியாகச் சுவரில் முகம் புதைத்து நிற்கும் இரண்டு வயதான பெண்களை அவர்கள் என்னவென்று நினைத்தார்களோ தெரியாது.

"ஷம்சி," என்றது குரல். "அன்னைக்கு ஒரு தடவைதான் கேட்டேன். இப்ப கேக்குறேன். நான் வரட்டுமா?"

இது இரண்டாவது தடவை. என்ன சொல்ல வேண்டும் என்பது ஷம்சிக்குத் தெரியும். உனக்கு எதுக்குச் சிரமம் என்று அவள் உதடு தானாகவே குவிந்தது. அதற்கப்புறம் மஹின் இன்னொரு தடவை கேட்பாள், கேட்காமல் போகமாட்டாள், இந்தத் தடவை நிச்சயம். ஆனால் முப்பத்தொரு வருடம் ஊசி போட்ட ஷம்சி மூன்று வரைக்கும் காத்திருந்து பழக்கப்பட்டவள் இல்லை.

"வா," என்றாள்.

சுவரிலிருந்து முகத்தை எடுக்கவில்லை, திரும்பவும் இல்லை. பின்னால் செருப்புச் சத்தம் மண்டபத்தைக் குறுக்கே கடந்து வந்தது. மஹினுக்கு வலது கால் சற்று இழுக்கும். இத்தனை வெள்ளிக்கிழமையும் நடுவில் அக்தஸ் நடந்ததால் அந்தச் சத்தம் தனியாக அவள் காதில் விழுந்ததே இல்லை. இப்போது விழுந்தது, ஒவ்வொரு அடியும், பக்கத்தில் வந்து நிற்கும் வரைக்கும்.