பதிவு முடிந்த பின்னும் பறந்த விமானம்

பெங்களூரில் நான் பணியாற்றிய ஆய்வகத்தின் சோதனைமேடைக்கு நிலையான உருவம் கிடையாது. போர்விமானத்தின் கட்டுப்பாட்டுக் கணினியை அதில் பொருத்துவோம். காற்றையும் உயரத்தையும் வேகத்தையும் பிற கணினிகள் புனைந்து அளிக்கும். விமான வகை மாறினால் மேடையையும் மாற்றியமைப்போம். தான் தரையில் இருப்பதை அக்கணினி அறியவே அறியாது.

அன்று நாங்கள் ஓட்டவிருந்தது, திரும்பி வராத விமானமொன்றின் பதிவு. இறந்த விமானியின் கையசைவுகள் அனைத்தும் அதில் இருந்தன. பிழை அவருடையதே என்று விசாரணை முடிந்திருந்தது. அவருடன் ஒரே படைப்பிரிவில் பறந்த நண்பரோ அதை ஏற்கவில்லை; கணினியின் மென்பொருளையே சந்தேகித்தார். பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன்காரரான அவர், விமானப்படையில் ஓய்வுபெற்றபின் எங்களிடம் ஆலோசகராக வந்திருந்தார்.

முதலில் விபத்தின்போது இருந்த பழைய மென்பொருள். ஆளற்ற இருக்கையின் முன்னே கட்டுப்பாட்டுப் பிடி தானாகவே அசைந்தது. திரையில் விமானம் கவிழ்ந்து வீழ்ந்தது.

திருத்திய மென்பொருளை ஏற்றி அதே பதிவை ஓட்டினோம். பிடி மீண்டும் மெல்ல அசைந்தது.

“அவனேதான் சார். பட்டும் படாமதான் இழுப்பான். ‘என்னடா, கொழந்தையத் தொட்டில்ல போடுறியா’ன்னு ஓட்டுவோம்,” என்றார் நண்பர்.

வீழ்ந்திருக்க வேண்டிய இடத்தில் விமானம் தலைநிமிர்ந்து மேலெழுந்தது. கை அதே கை. மாறியது மென்பொருள் மட்டுமே.

அவர் வீழ்ந்த அந்த நொடியோடு பதிவு தீர்ந்தது. பிடி அசைவற்று நின்றது. விமானம் மட்டும் நேரே பறந்துகொண்டிருந்தது. பதிவு முடிந்ததும் ஓட்டத்தை நிறுத்துவது எங்கள் வழக்கம். பொத்தானை நோக்கி என் கை நீண்டது.

“நிறுத்தாதீங்க சார்! நான் எறக்கிடுறேன்.” அவர் போய் அந்த ஆளற்ற இருக்கையில் அமர்ந்துவிட்டார்.

“பிடியில கை வச்சா இந்த ரன் செல்லாது சார். பழி மறுபடி அவர் மேலயே நிக்கும். வேணும்னா அடுத்த ரன்ல எறக்குங்க.”

“அடுத்த ரன்னா? அவன் மறுபடி மொதல்லேருந்து வரணுமா? வேணாம் சார்.”

இரு கைகளையும் முழங்கால்களுக்கிடையே இறுக்கிக்கொண்டார். பிடி அவருக்கு ஒரு சாண் தொலைவில் இருந்தது. பொத்தானிலிருந்து நான் கையை எடுத்துக்கொண்டேன். திரையில் மேகங்கள் வந்தன, கடந்தன.

“ம். நிறுத்திடுங்க,” என்றார் கடைசியில்.

நான் பொத்தானை அழுத்துமுன் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.