தட்டாத்தியும் என் கண்ணும்

எனக்குக் கண்ணில் பொரை என்று வெளியாட்கள் முன்னால் சொன்னானே, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. சொன்னவன் என் கொழுந்தனார் மகன். அதையும் 'ங்க' போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, மரியாதையாகச் சொன்னான். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன்.

தொண்டாமுத்தூர் தாண்டி மலையடியில் எங்கள் தோப்பு. பாதி எனக்கு, பாதி அவனுக்கு. மலையிலிருந்து இறங்கி நடுவில் ஓடுகிற ஓடையைப் பள்ளம் என்போம். கோடையிலும் நூல் மாதிரி தண்ணீர் ஓடும். டவுன்காரர்கள் வந்து தங்குவதற்கு அவன் தன் பாதியில் அறைகள் கட்டினான், நீச்சல் குளமும் வெட்டினான். அதை நிரப்பப் பள்ளத்தில் பைப்பு போடுகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். சரிங்க பெரிம்மா என்று தலையாட்டினான். மறுவாரமே பைப்பு வந்து இறங்கிவிட்டது.

அப்போதுதான் கோயமுத்தூர் காலேஜிலிருந்து தட்டான் பூச்சி பார்க்கிற கூட்டம் ஒன்று வந்தது. அதில் ஒரு பெண் என்னிடம், மலைத் தட்டான் எதையாவது பார்த்ததுண்டா என்று கேட்டாள். பார்க்காமலா இருப்பேன்? ஆடிச் சாரல் விழுந்ததும் வரும். உள்ளங்கை நீளம் இருக்கும். கறுத்த உடம்பில் மஞ்சள் பட்டை, பச்சைக் கண். இறக்கையை அடிக்காமல் பருந்து மாதிரி மிதக்கும். சிலதுக்கு இறக்கை கண்ணாடி. சிலதுக்கு இறக்கை முழுக்கப் பொன் நிறம். பொன் நிறத்தை எங்கள் வீட்டில் தட்டாத்தி என்போம். நகை செய்கிறவர் வீட்டுக்காரி மாதிரி மினுக்கிக்கொண்டு வருகிறாள் பார் என்று என் மாமியார் வைத்த கேலிப் பேர்.

அந்தப் பெண் செல்போனில் படம் காட்டினாள். கண்ணாடி இறக்கைப் படத்தைத் தள்ளிவிட்டு, இது வேறு ஜாதி என்றேன். இரண்டும் ஒரே ஜாதிதான், கண்ணாடி ஆண், பொன் பெண் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பேரை மட்டும் சரியாக வைத்துவிட்டு, இத்தனை காலம் விஷயம் தெரியாமலே இருந்திருக்கிறோம்.

அபூர்வமான ஜாதியாம், ஆனால் பறந்து போவதைப் பார்த்தால் மட்டும் போதாதாம். இந்தப் பள்ளத்திலேயே முட்டை வைக்கிறது என்று தெரிந்தால், இங்கே தண்ணீர் எடுக்கக் கூடாது என்று அதிகாரிகளுக்கு எழுதுவார்களாம்.

"அந்தப் பாறைக்குக் கீழ மணல் இருக்குது பாரு அம்மணி, அங்கதான் தட்டாத்தி வாலைக் குத்திக் குத்தி எந்திரிக்கும். போன வாரங்கூடப் பார்த்தேன்" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. அதற்குள் இவன் வந்து நின்றுகொண்டான்.

"பெரிம்மாவுக்குக் கண்ணுல பொரைங்க. நெழல் ஆடுனாக்கூடத் தட்டான்னு சொல்லுவாங்க. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க."

பொரையை ஆபரேஷன் செய்து எடுத்துப் பல வருஷம் ஆயிற்று. ஆஸ்பத்திரிக்குத் தன் காரில் கூட்டிப்போனவனே அவன்தான். கட்டுப் பிரித்ததும், என்னைத் தெரியுதுங்களா பெரிம்மா என்று கேட்டவனும் அவன்தான். அந்த வாயால்தான் இதைச் சொன்னான்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். மலையில் மேகம் இறங்கி, அன்று ஒரு தட்டானும் வரவில்லை. படம் இல்லாமல் எழுத முடியாது, வெயில் வந்ததும் வாரேனுங்க என்று போய்விட்டாள். அவள் மேலும் எனக்குக் கோபம்தான்.

விடிந்து போய்ப் பார்த்தால் பள்ளத்தில் தண்ணீர் சுண்டிக் கிடந்தது. தட்டாத்தி முட்டை வைக்கிற அதே மணலில் பைப்பின் வாயைச் செருகியிருந்தான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். ஓர் உதை விட்டேன். பைப்பு பிடுங்கிக்கொண்டு உருண்டது.

ஓடி வந்தான். "என்னங்க பெரிம்மா இது?"

"பைப்பா கண்ணு? எனக்குத்தான் பொரையாச்சே. காலு தட்டிருச்சு."

உருண்ட பைப்பை எடுத்து வந்தான். மறுபடி செருகிவிட்டுப் போனான். அடுத்த நாளும் என் கால் தட்டியது. இப்போதும் தட்டிக்கொண்டுதான் இருக்கிறது. வெயில் வந்து அந்தப் பெண் படம் எடுக்கிற வரைக்கும் என் கண் சரியாகப் போவதில்லை.